சூரிய நமஸ்காரம்: புது வகுப்புக்கு எந்த வடிவம், எந்த வரிசை?

யோகாவுக்குப் புதிதாக வந்திருக்கும் வகுப்பு. வயது கலந்த கூட்டம். சிலருக்குக் குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாது, சிலருக்கு உள்ளங்கையே தரையில் பதியும். இவர்களுக்குச் சூரிய நமஸ்காரம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால் ஆசிரியர் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். புழக்கத்தில் உள்ள வடிவங்களில் எதை எடுத்துக்கொள்வது? எடுத்ததை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

ஆசிரியர்கள் கூடினால் முதல் கேள்விக்குத்தான் காரசாரமான விவாதம் நடக்கும். ஆறு மாதம் கழித்து அந்த மாணவர் எப்படிச் செய்கிறார் என்பதை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்வி. அதனால் வடிவத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, வரிசையைப் பற்றி விரிவாகப் பேசலாம்.

எந்த வடிவம்

இன்று வகுப்புகளில் நாம் காணும் தொடருக்கு ஒரே ஒரு மூல வடிவம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 1920களில், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் ஸ்ரீநிவாசராவ் பந்த் பிரதிநிதி இதை ஓர் உடற்பயிற்சியாகப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். அவர் கற்பித்ததில் பத்து நிலைகள். மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க வழியில் இரண்டு தொடர்கள் உண்டு: முதல் தொடருக்கு 9 எண்ணிக்கை, இரண்டாவதற்கு 17. சுவாமி சிவானந்தரின் வழியிலும் பீகார் யோகப் பள்ளியின் வழியிலும் பன்னிரண்டு நிலைகள். அந்த இரண்டுக்குள்ளும் வேறுபாடு இருக்கிறது. ஐந்தாவது நிலையில் சிவானந்தர் வழியினர் உடலைப் பலகைபோல் நேராக வைத்து மூச்சை நிறுத்துவார்கள். பீகார் வழியில் அங்கே பர்வதாசனம் (கையும் பாதமும் தரையில் இருக்க இடுப்பை மேலே தூக்கும் மலை வடிவ நிலை), மூச்சு வெளியே போகும். எந்தக் கால் முதலில் பின்னால் போகும், எந்தக் கால் முதலில் திரும்பி வரும் என்பதிலும் பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும்.

எல்லாமே நேர்மையான வடிவங்கள். புதியவர்களின் வகுப்புக்கு எது பொருந்தும் என்று மட்டும் பார்ப்போம்.

அஷ்டாங்க வழியின் முதல் தொடர் பார்க்க எளிது. நிலைகள் குறைவு, இரண்டு காலும் சேர்ந்தே இயங்குவதால் வலது இடது குழப்பமே கிடையாது. ஆனால் அதன் நடுவில் சதுரங்க தண்டாசனம் உட்கார்ந்திருக்கிறது. முழங்கையை மடக்கி உடல் எடை முழுவதையும் தரையை ஒட்டித் தாங்க வேண்டும். தோளைச் சுற்றியுள்ள தசைகள் தயாராக இல்லாதவர் அதில் தோள்களை முழங்கைக்குக் கீழே இறக்கிவிடுவார், முழங்கைகள் பக்கவாட்டில் விரியும், இடுப்பு தொய்யும். ஒரு முறை செய்தால் ஒன்றும் ஆகாது. ஒரு வகுப்பில் பத்து முறை, வாரத்தில் நான்கு நாள் என்று போகும்போது தோளின் முன்பகுதி வலிக்கத் தொடங்கும். முழங்காலைத் தரையில் வைத்துச் செய்யச் சொல்லலாம்தான். அப்படிச் சொல்லியும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முழங்காலைத் தூக்கிவிடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள்.

பன்னிரண்டு நிலை வடிவத்தில் அந்த இடத்தில் அஷ்டாங்க நமஸ்காரம் வருகிறது. இரண்டு பாதம், இரண்டு முழங்கால், மார்பு, இரண்டு கை, தாடை என எட்டு இடங்கள் தரையைத் தொடுவதால் எடை பங்கிடப்படுகிறது. அடுத்து வரும் புஜங்காசனத்தில் (குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் பாம்பு நிலை) இடுப்பு தரையிலேயே இருக்கும். இதிலும் சிரமம் இல்லாமல் இல்லை; கீழ் முதுகு பிடித்திருப்பவருக்கு இடுப்பை உயர்த்தி மார்பை இறக்குவது உறுத்தும். அவர் நேராகக் குப்புறப் படுத்துவிட்டு அங்கிருந்து புஜங்காசனத்துக்குப் போகட்டும், தொடருக்கு எந்தக் குறையும் வராது. காலை ஒவ்வொன்றாகப் பின்னால் வைப்பதால் வேகத்தையும் ஆசிரியர் கட்டுப்படுத்த முடிகிறது.

கலவையான வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது பன்னிரண்டு நிலைகளைத்தான். அதிலும் ஐந்தாவதாகப் பர்வதாசனம் வரும் வடிவம். காரணம் மூச்சில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

எந்த வரிசை

முதல் வழி, முழுத் தொடரையும் முதல் நாளே கொடுத்துவிடுவது. ஆசிரியர் முன்னால் நின்று செய்வார், எல்லோரும் பார்த்துப் பின்தொடர்வார்கள். ஓட்டம் முதல் நாளே கிடைத்துவிடும். உடம்பு சூடாகும், வியர்க்கும், 'இன்று ஏதோ செய்தோம்' என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். அந்தத் திருப்தி சாதாரண விஷயம் இல்லை. அடுத்த நாள் அவர்களைத் திரும்ப வரவைப்பது அதுதான். நடனம், களரி, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஏதாவது பழகியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். உடல் அசைவுகளைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்வது அவர்களுக்குப் பழக்கம்.

மற்றவர்கள் பாடுதான் கஷ்டம். பன்னிரண்டு நிலைகளையும் நினைவில் வைக்க முடியாமல் அடுத்தவரைப் பார்த்துச் செய்வார்கள். புஜங்காசனத்திலும் பர்வதாசனத்திலும் ஆசிரியரைப் பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருகுவார்கள். மூச்சு? அது எங்கே நின்றது என்றே தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமானது, அந்த அவசரத்தில் பிடித்துக்கொண்ட கோணல் அப்படியே பழகிப்போவது. பழகிய அசைவைத் திருத்துவது புதிதாகக் கற்பிப்பதைவிட நேரம் பிடிக்கும் வேலை.

இரண்டாவது வழி, ஒவ்வொரு ஆசனமாகப் பிரித்துப் பல வகுப்புகளில் கற்பித்துவிட்டுக் கடைசியில் கோப்பது. பி.கே.எஸ். ஐயங்கார் வழி வகுப்புகளில் நின்று செய்யும் ஆசனங்கள் நன்றாகப் பழகிய பிறகே இந்தத் தொடருக்கு வருவது வழக்கம். உடல் அமைப்பு துல்லியமாக வரும், காயம் குறையும், யாருக்கு எங்கே இறுக்கம் என்பது ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரியும்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சூரிய நமஸ்காரத்தில் மாணவர் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஆசனங்களுக்குள் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நகர்வில் இருக்கின்றன. பர்வதாசனத்தைத் தனியாக அழகாகச் செய்கிறவர், அங்கிருந்து ஒரு காலை இரண்டு கைகளுக்கு நடுவே கொண்டுவரச் சொன்னால் பாதி வழியில் பாதத்தைத் தொப்பென்று போட்டுவிடுவார். தனித்தனியாகக் கற்பித்த வகுப்பில் அந்த நகர்வை யாரும் கற்பிக்கவே இல்லை. கோக்கும் நாளில் எல்லாம் சிதறும். தவிர, தொடரே வராமல் வாரக்கணக்கில் துண்டு துண்டாகச் செய்தால் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும்.

அசைவுகளைக் கற்பதைப் பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் நெய்லரும் ஜார்ஜ் பிரிக்ஸும் 1963இல் சொன்ன கருத்து இங்கே உதவும். பகுதிகள் அதிகமாக இருந்து, அவை ஒன்றோடொன்று தளர்வாகக் கோக்கப்பட்டிருந்தால் பிரித்துக் கற்பிப்பது நல்லது. பகுதிகள் நெருக்கமாகப் பின்னியிருந்தால் முழுதாகக் கற்பிப்பது நல்லது. சூரிய நமஸ்காரத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நிலைகளாக எண்ணினால் பகுதிகள் அதிகம், பிரிக்கலாம் போலத் தோன்றும். மூச்சு வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிலையும் அடுத்ததோடு இறுகப் பிணைந்திருக்கிறது, பிரித்தால் அறுந்துவிடும். ஆசிரியர்கள் இரண்டு பக்கமாக நின்று வாதாடுவதற்குக் காரணமும் இதுதான். இரு தரப்பும் பார்ப்பது தொடரின் ஒவ்வொரு பாதியை.

மூன்றாவது வழி: சுற்றை வெளியிலிருந்து உள்ளே வளர்ப்பது

பன்னிரண்டு நிலைகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முதல் நான்கும் கடைசி நான்கும் ஒன்றுதான், வரிசை மட்டும் தலைகீழ். பிரணாமாசனம் (கைகூப்பி நிற்பது), ஹஸ்த உத்தானாசனம் (கையை உயர்த்துவது), பாதஹஸ்தாசனம் (குனிவது), அஸ்வ சஞ்சலனாசனம் (ஒரு காலைப் பின்னால் வைப்பது) என்று இறங்குகிறோம்; அதே படிகளில் ஏறி வருகிறோம். நடுவில் பர்வதாசனம் இரண்டு முறை, அவற்றுக்கு இடையே அஷ்டாங்க நமஸ்காரமும் புஜங்காசனமும். ஆக மாணவர் கற்க வேண்டிய தனி ஆசனங்கள் ஏழுதான்.

இந்த அமைப்பைப் பயன்படுத்தினால் முதல் வகுப்பிலேயே ஒரு முழுச் சுற்றைக் கொடுத்துவிடலாம், சிறிய சுற்றாக. கைகூப்பி நில், கையை உயர்த்து, குனி, கையை உயர்த்தி நிமிர், கைகூப்பு. ஐந்து நிலைகள். தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. எட்டு, பத்து முறை தொடர்ந்து செய்யலாம், உடம்பும் சூடாகும்.

அது சரளமானதும் குனிந்த நிலைக்குப் பிறகு ஒரு காலைப் பின்னால் வைத்து அஸ்வ சஞ்சலனாசனத்தைச் சேர்க்கிறோம். அடுத்த சுற்றில் மறு கால். இப்போது ஏழு நிலைகள். பின்னால் போன காலே திரும்பி வருகிறது, முன்னால் இருக்கும் பாதம் நகரவில்லை என்பதால் சமநிலை கெடாது. அதற்கடுத்த கட்டத்தில் பர்வதாசனம் சேர்ந்து ஒன்பதாகிறது. கடைசியாக அஷ்டாங்க நமஸ்காரம், புஜங்காசனம், இரண்டாவது பர்வதாசனம் சேரும்போது பன்னிரண்டு முடிகிறது.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது மூச்சு. முழுத் தொடரின் விதி எளிது: மார்பு விரியும்போது மூச்சு உள்ளே, உடல் மடங்கும்போது வெளியே. ஐந்து நிலைச் சுற்றில் கை உயரும்போது உள்ளே, குனியும்போது வெளியே, நிமிரும்போது உள்ளே, கைகூப்பும்போது வெளியே. அஸ்வ சஞ்சலனாசனத்தைச் சேர்த்தால் அங்கே உள்ளே, மறுபடி குனியும்போது வெளியே. பர்வதாசனம் சேரும்போது அங்கே வெளியே, திரும்பி வரும் அஸ்வ சஞ்சலனாசனத்தில் உள்ளே. கடைசிக் கட்டத்தில் பர்வதாசனத்தில் வெளியே விட்ட மூச்சை அஷ்டாங்க நமஸ்காரத்தில் அப்படியே வெளியே நிறுத்தி, புஜங்காசனத்தில் உள்ளே இழுத்து, இரண்டாவது பர்வதாசனத்தில் விடுகிறோம். எந்தக் கட்டத்திலும் முன்பு கற்ற மூச்சை மாற்ற வேண்டியதில்லை. பர்வதாசனம் ஐந்தாவதாக வரும் வடிவத்தை மேலே பரிந்துரைத்தது இதனால்தான். மூச்சு நிறுத்தம் புதியவருக்குக் கடைசியில், ஒரே ஒரு இடத்தில், ஒரு நொடி மட்டும் வருகிறது. அதுவும் முடியாதவர் அங்கே சாதாரணமாக மூச்சு விடலாம். ரத்த அழுத்தம் உள்ளவரிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பலர் கேட்பார்கள், மூச்சை முதலிலிருந்தே சொல்வதா, அசைவு பழகிய பிறகா என்று. முழுத் தொடரை ஒரே நாளில் கொடுக்கும் வகுப்பில் மூச்சைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் மாணவரின் கவனம் முழுவதும் கால் எங்கே, கை எங்கே என்பதில் போய்விடும். அப்படித் தள்ளிப்போட்ட மூச்சு பிறகு ஒரு மேல்பூச்சாகத்தான் ஒட்டும். சிறிய சுற்றில் அசைவு சுலபம் என்பதால் முதல் நாளே மூச்சுக்கு இடம் இருக்கிறது. மூச்சு தொடங்கிய பிறகு கை நகரட்டும், கை நின்ற பிறகு மூச்சு முடியட்டும். இந்த ஒன்றை ஐந்து நிலைகளில் கற்றுக்கொண்டவர் பன்னிரண்டிலும் அதை விடமாட்டார்.

இந்த வழியின் குறை, பொறுமை வேண்டும் என்பது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் முழுத் தொடருக்கு வர மூன்று, நான்கு வாரம் ஆகலாம். முன்பே ஓரளவு தெரிந்தவர் வகுப்பில் இருந்தால் 'எப்போது மீதி?' என்று கேட்பார். அவரை மெதுவான மூச்சோடு செய்யச் சொல்லுங்கள். ஒரு நிலைக்கு நான்கு எண்ணிக்கை உள்மூச்சும் நான்கு வெளிமூச்சும் கொடுத்தால் ஐந்து நிலைச் சுற்றே அவருக்குப் போதிய வேலை. இன்னொன்று, அஷ்டாங்க நமஸ்காரமும் புஜங்காசனமும் கடைசியில் வருவதால் அவற்றுக்குப் பழக்கம் குறைந்துவிடும் அபாயம் உண்டு. அதற்கு முதல் வாரத்திலிருந்தே வகுப்பின் பிற்பகுதியில், குப்புறப் படுத்துச் செய்யும் ஆசனங்களின் நேரத்தில், அந்த இரண்டையும் தனியாகச் செய்ய வைத்துவிடலாம்.

கால் முன்னால் வரும் இடம்

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். பர்வதாசனத்திலிருந்து அஸ்வ சஞ்சலனாசனத்துக்கு வரும் இந்த நகர்வில்தான் வகுப்பில் அதிகம் பேர் சோர்ந்துபோகிறார்கள், 'என் உடம்புக்கு இது வராது' என்று முடிவு கட்டுகிறார்கள். வரும்.

தோள்களை மணிக்கட்டுக்கு நேர்மேலே முன்னால் கொண்டுவந்த பிறகே பாதத்தை எடுக்க வேண்டும். இடுப்பு பின்னால் இருக்கும்போது எடுத்தால் காலுக்கு இடம் இருக்காது. பார்வை கைகளுக்குச் சற்று முன்னால். மூச்சை உள்ளே இழுக்கும் இடம் என்றாலும், வயிறு பெரிதாக இருப்பவருக்கு வெளியே விட்டபடி காலைக் கொண்டுவந்து, வந்து சேர்ந்த பிறகு இழுப்பது சுலபம், அப்படியே விடுங்கள். அப்போதும் வரவில்லையா, பின் முழங்காலைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு கையால் கணுக்காலைப் பிடித்து முன்னால் வைக்கட்டும். கைகளுக்கு அடியில் ஆளுக்கு இரண்டு யோகா கட்டைகள் வைத்தால் உயரம் கிடைத்து, பாதி பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீரும். முன்னால் வந்த முழங்கால் கணுக்காலுக்கு நேர்மேலே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதோடு சேர்ந்தது தூரம். பர்வதாசனத்தில் கைக்கும் பாதத்துக்கும் உள்ள இடைவெளி போதாவிட்டால் அடுத்து வரும் அஷ்டாங்க நமஸ்காரத்தில் உடல் குறுகிக்கொள்ளும், புஜங்காசனத்தில் கைகளை நகர்த்த வேண்டிவரும். கையும் பாதமும் விரிப்பில் இருந்த இடத்தை விட்டு நகராமல் நான்கு நிலைகளும் வரும் தூரத்தை ஒவ்வொருவருக்கும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுங்கள். பர்வதாசனத்தில் குதிகால் தரையைத் தொட வேண்டும் என்று அந்தத் தூரத்தைக் குறைக்காதீர்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கி முதுகு நீண்டிருப்பது, குதிகால் தொட்டு முதுகு வளைந்திருப்பதைவிட நல்லது.

செய்து காட்டுவதா, சொல்லி நடத்துவதா

செய்து காட்டுவது அவசியம், ஆனால் தொடர்ந்து அல்ல. நீங்களே செய்துகொண்டிருக்கும்போது வகுப்பைப் பார்க்க முடியாது. பர்வதாசனத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது உங்கள் முழங்கால் மட்டும்தான். புதிய கட்டத்தைச் சேர்க்கும்போது எல்லோரையும் நிறுத்தி, நின்றபடி பார்க்கச் சொல்லி, இரண்டு முறை செய்து காட்டுங்கள். வகுப்புக்குப் பக்கவாட்டாகத் திரும்பி நின்று செய்யுங்கள். இந்தத் தொடரின் அசைவுகள் ஏறக்குறைய எல்லாமே முன்னும் பின்னுமாக நடப்பவை, நேர் எதிரே நின்று காட்டினால் முதுகின் வளைவே தெரியாது. வலது இடதும் மாறிப்போகும். அதன் பிறகு எழுந்து நடந்து, குரலால் நடத்துங்கள்.

குரல் அசைவுக்கு அரை மூச்சு முன்னால் வர வேண்டும். முதலில் மூச்சு, பிறகு உறுப்பு, பிறகு திசை: 'மூச்சு உள்ளே… வலது கால்… பின்னால்.' வகுப்பின் முதல் சில வாரங்களில் இவ்வளவு போதும். ஆசனப் பெயர்கள் மெதுவாகத் தாமே பதியும். சுற்று ஓடும்போது திருத்தங்களை ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள். இந்தச் சுற்று முழுவதும் உள்ளங்கை, அடுத்த சுற்று முழுவதும் பார்வை என்று ஒன்றையே எடுத்துக்கொண்டால் மாணவரால் அதைப் பிடித்துக்கொள்ள முடியும்.

மந்திரத்தைச் சேர்ப்பதானால் அதற்கும் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் ஒரு மந்திரத்தை மனத்துக்குள் சொல்வது ஒன்று. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கைகூப்பி நின்று, 'ஓம் மித்ராய நமஹ', 'ஓம் ரவயே நமஹ' என்று சூரியனின் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சுற்றைத் தொடங்குவது மற்றொன்று. பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டு சுற்றுகள். வகுப்புக்கு இரண்டாவதே சிறந்தது. நின்ற இடத்தில் சொல்வதால் அசைவின் மூச்சைக் குலைக்காது, எண்ணிக்கையும் தவறாது. சொல்ல விரும்பாதவர் அந்த நேரத்தில் அமைதியாக ஒரு மூச்சு எடுக்கட்டும் என்பதை முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள், யாரையும் தனியாகச் சங்கடப்படுத்த வேண்டாம்.

யாருக்கு மாற்ற வேண்டும்

கட்டுப்பாட்டில் இல்லாத உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், குடலிறக்கம், முதுகெலும்புத் தட்டு விலகல், அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றை முதல் வகுப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முழுத் தொடருக்குப் போகக் கூடாது. எல்லோருக்கும் பொதுவாக, சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

வளரும் சுற்று இங்கேயும் கை கொடுக்கும். தலை இதயத்துக்குக் கீழே போகக் கூடாதவர் முதல் கட்டத்திலேயே நின்று, குனியும் இடத்தில் ஒரு நாற்காலியின் இருக்கையில் கையை ஊன்றிப் பாதி மட்டும் குனியலாம். மணிக்கட்டு வலி உள்ளவர் இரண்டாம் கட்டத்தோடு நிற்கலாம், கையில் எடை விழாமல் கட்டையைத் தொட்டுக்கொண்டு. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு விரிப்பை இரண்டாக மடித்துக் கொடுங்கள். ஆளுக்கொரு கட்டத்தில் இருந்தாலும் மூச்சின் முறை எல்லாக் கட்டத்திலும் ஒன்றே என்பதால் வகுப்பு முழுவதும் சேர்ந்தே தொடங்கலாம். சிறிய சுற்றில் இருப்பவர் கைகூப்பி நின்று, மற்றவர்கள் எழுந்து வரும்வரை மூச்சைக் கவனித்திருப்பார்.

ஒருவேளை உங்கள் வகுப்பில் எல்லோரும் இளையவர்கள், ஏற்கெனவே உடற்பயிற்சி செய்பவர்கள், தோளில் வலு இருக்கிறது என்றால் நான்கு கட்டங்களையும் இரண்டே வகுப்பில் முடித்துவிட்டு அஷ்டாங்க வழித் தொடருக்குப் போய்விடலாம். அதையும் இதே போல வெளியிலிருந்து உள்ளே வளர்க்க முடியும்: கை உயர்த்தல், குனிதல், தலையை நிமிர்த்திப் பார்த்தல், மறுபடி குனிதல், எழுதல் என்று முதல் சுற்று. சதுரங்க தண்டாசனத்தை மட்டும், முழங்கால் தரையில் இருக்க, முழங்கை விலாவை ஒட்டி இருக்க, தோள் முழங்கையின் மட்டத்திலேயே நிற்கும்வரை தனியாகப் பழக்கிவிட்டுச் சுற்றுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.